றெஜியின் துவக்கும் கீத்தின் வயலும்

ஹீத்ரோ விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு என் முகத்தை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன், நெஞ்சை நிமிர்த்தியும் பார்த்தேன். சிவப்பு விளக்குத்தான். கடைசியில் ஓர் அதிகாரியிடம் அனுப்பினார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். தங்கச்சியைப் பார்க்க என்றேன். அது பாதி உண்மை. தங்கச்சியின் துவக்கைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். அந்த இடத்தில் அதை வாய்தவறிச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறெங்கோ இருந்துதான் எழுதியிருப்பேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கனடாவின் வின்னிபெக் நகரில் பள்ளிக்கூட பஸ்களைத் திருத்தும் மெக்கானிக். இலைகள் கொட்டத் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரரோடு காட்டு வாத்துச் சுடப் போவேன். இருபது வருசப் பழக்கம். என்னிடம் இருப்பது செமி ஓட்டோமற்றிக் துவக்கு. ஒருமுறை சுட்டால் வெடித்த தோட்டாவின் வெறுங்கோதைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டுவேன் என்று பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். யாரும் கண்ணைக் கட்டிப் பார்க்கவில்லை.

தங்கச்சி றெஜினா குரோய்டனில் டிராம் ஓட்டுகிறாள். வயது நாற்பத்தெட்டு. கூட வேலை செய்யும் ஒரு பெண் ஒருநாள் அவளை, வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அனுமதிப் பத்திரம் எடுத்தாள், துவக்கும் வாங்கினாள். ஆனால் இங்கிலாந்தில் துவக்கு வாங்குவதைவிடச் சுடுவதற்கு ஒரு வயல் கிடைப்பதுதான் பெரும்பாடு. பயிரைத் தின்னும் காட்டுப் புறாக்களைச் சுட இடம் தருகிறீர்களா என்று மூன்று வருசமாகக் கமக்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள். பாதிப்பேர் பதில் போடவில்லை. மீதிப்பேர், எங்களுக்கு ஆள் இருக்கிறது என்றார்கள்.

கடைசியில் கீத் என்ற ஒருவர், சனிக்கிழமை காலை வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவருக்குத் திருப்தி என்றால் முழுப் பண்ணைக்கும் எழுத்தில் அனுமதி. இல்லையென்றால் இல்லைத்தான். றெஜி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, எனக்கு நெஞ்சு அடிக்குது. நீங்கள் வந்து பக்கத்திலை நிண்டால் காணும்."

நிற்கச் சொன்னதை நான் கற்பிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

வியாழன் பின்னேரம் கோலியர்ஸ் வுட்டில் அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இடியப்பமும் மீன் சொதியும் மேசையில் இருந்தன. வின்னிபெக்கில் நானும் இடியப்பம் அவிக்கிறேன். ஆனால் அது இப்படி விரலில் உதிராது. அவளுடைய கணவன் அன்ரன் நல்ல மனுசன். பேக்கரி ஒன்றில் விடியற்காலை ஷிப்ட். நான் இரண்டாவது தட்டை முடிப்பதற்குள் கத்தோலிக்கக் கோயில் ஆட்கள் மூன்று பேருக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஓம், வந்திட்டார். கனடாத் துவக்குக்காரர். எங்கடை மச்சான்தான். ஞாயிறு கூட்டிக்கொண்டு வாறன்."

அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று கையால் காட்டினேன், பலமாகக் காட்டவில்லை.

துவக்கு மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு ஆணி அடித்து முடுக்கிய இரும்புப் பெட்டியில் இருந்தது. சாவி எங்கே என்று அன்ரனைக் கேட்டேன்.

"எனக்கே தெரியாது மச்சான். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம். மனிசியின்ரை பாங்க் கார்ட் நம்பர் தெரியும். அந்தத் திறப்பு எங்கை இருக்குதெண்டு தெரியாது. சட்டம் அப்பிடி."

றெஜி எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் திறந்தாள். துவக்கோடு குசினிக்கு வந்தபோது அதில் தோட்டா ஏறும் அறையில் ஒரு செம்மஞ்சள் பிளாஸ்ரிக் கொடி செருகியிருந்தது. உள்ளே தோட்டா இல்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் காட்டுகிற கொடி. நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"தொடாதேங்கோ அண்ணை. உங்களுக்கு இஞ்சை பேப்பர் இல்லை."

"பேப்பரோ? நான் இருபது வருசமா..."

"அது வின்னிபெக்கிலை. இஞ்சை நீங்கள் பாக்கலாம்."

ஆக, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த நிபுணர், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்த்தார்.

பார்த்ததும் முதல் கோபம் வந்தது. போனில் நான் படித்துப் படித்துச் சொன்னது பன்னிரண்டு போர், அதாவது பெரிய குழல் துவக்கு. அதுவும் என்னுடையதைப் போல, பின்னுதையின் வேகத்தில் வேலை செய்கிற வகை. உள்ளே கரி பிடிக்காது, சேற்றில் விழுந்தாலும் சுடும். அவள் வாங்கியிருந்தது சிறிய குழலுள்ள இருபது போர், புகையின் அழுத்தத்தில் வேலை செய்வது. சுடும்போது குழலிலுள்ள சிறு துளைகளால் கொஞ்சப் புகை பிரிந்து போய், சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு பிஸ்ரனைப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளில்தான் அடுத்த தோட்டா ஏறும். போதாக்குறைக்கு இது பழையது, வேறொருவர் பாவித்தது.

"ஏன் இதை எடுத்தனி?"

"முதல் இரவல் துவக்கிலை சுட்டு என்ரை தோள் நீலமாப் போச்சு. அடுத்த நாள் டிராம் ஓட்ட ஏலாமல் லீவு போட்டனான். இது மெதுவா உதைக்கும். பாரமும் குறைவு. கடையிலை ஆறு துவக்கு தூக்கிப் பாத்தனான் அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு தோளிலை வைச்சு, கண்ணைத் திறக்க முன்குறி நேரா நிண்டது இது ஒண்டுதான்."

சட்டையைப் போலத் துவக்கும் ஆளுக்கு அளவாக இருக்கவேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். என் அளவையே அவளுக்கும் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை. அவள் ஓட்டுகிற டிராமில் ஒருமுறை போகவேண்டும் என்று ஆசைப்பட்டுக் குரோய்டனுக்குப் போனேன். ஏறினேன். இருக்கையில் வெக்கை பிடித்தது. விமானக் களைப்பில் கண் சொருகிவிட்டது. விழித்தபோது நியூ அடிங்டனில் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் ஒரு தாடிக்காரர். நான் தங்கச்சியின் டிராமில் ஏறவே இல்லை. திரும்பி வரும்போது எதிர்ப் பாதையில் அவள் டிராமை ஓட்டிக்கொண்டு கடந்து போனாள். நான் கண்ணாடியில் தட்டிக் கை காட்டினேன். அவள் திரும்பவில்லை, கண் பாதையிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி, "தெரிந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் தங்கை என்றேன். "நன்றாக ஓட்டுகிறாள், பிரேக் போடும்போது என் பை விழுவதில்லை" என்றார். வின்னிபெக் பஸ்களில் என் பை எத்தனை தரம் விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று பின்னேரம்தான் நான் வினையை விதைத்தேன். துவக்கை இன்னொருக்கால் துப்புரவாக்கு என்றேன்.

"நேற்றைக்கு முதல்நாள்தான் துடைச்சனான். காணும் அண்ணை."

"புகைத் துவக்குக்குக் கரிதான் எதிரி. நாளைக்குத் துவக்கு நிண்டால் நாங்கள் வந்த வேலை முடிஞ்சுது. அண்ணை சொல்லுறன், கழட்டு."

கழற்றினாள். குழலுக்குள் கம்பியால் துணியை விட்டு இழுக்கத் தொடங்கினாள். பிஸ்ரனையும் அது ஓடுகிற குழாயையும் துடைக்கிற வேலையை, தன் கண்முன்னால், அன்ரனிடம் கொடுத்தாள். எண்ணெய்ப் புட்டி நான்கு சொட்டு விட்டு நின்றுவிட்டது. அன்ரன் மேலே போய் ஒரு சின்னப் போத்தலோடு வந்தார். அப்போதுதான் கட்லட் பொரித்து முடிந்திருந்தது. குசினி முழுக்கப் பொரிச்ச மணம். நானோ ஒரே நாளில் ஐந்து வாத்து விழுத்திய கதையின் உச்சத்தில் நின்றேன். அன்ரன் தாராளமாகப் பூசினார். றெஜி என் கதைக்குச் சிரித்துக்கொண்டே அவர் நீட்டிய துண்டுகளை வாங்கிப் பூட்டினாள்.

சனிக்கிழமை காலை புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. குரோய்டனைத் தாண்டி அரைமணி நேரம் ஓடினால் லண்டன் சட்டென்று முடிந்து வயலாகிவிடுகிறது. கீத் தன் பண்ணைக் கேற்றடியில் நின்றார். அறுபது கடந்தவர், செம்மஞ்சள் கம்பளித் தொப்பி, காலடியில் காது கேளாத ஒரு கிழட்டு நாய். வயலில் பச்சையாக நின்ற கடுகுப் பயிரில் பாதி இல்லை. தண்டுதான் மிச்சம். வெடிச்சத்தம் போட்டுப் பார்த்தாராம், பொம்மை கட்டிப் பார்த்தாராம், புறாக்கள் பொம்மையின் தலையில் இருந்துகொண்டு தின்கின்றன என்றார்.

பிறகு துவக்கைப் பார்த்தார். முகம் மாறியது.

"இந்த வகையை நான் நம்புவதில்லை. இரட்டைக்குழல் என்றால் மடித்துப் பிடித்திருப்பார்கள், வெறுமை என்று வயலின் அடுத்த கரையிலிருந்தே தெரியும். இது எப்போதும் மூடியே இருக்கிறது. அடைத்துக்கொள்ளவும் செய்யும்."

றெஜி அந்தக் கொடியைக் காட்டினாள். அவர் உம் என்றார். நான் பேச வாயெடுத்தேன். தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வேலியோரம் வலை கட்டி ஒரு மறைவிடம் செய்தாள். பிளாஸ்ரிக் புறாக்களை லாட வடிவில் பரப்பி, நடுவில் இறங்குவதற்கு இடம் விட்டாள். காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொன்றின் மூக்கையும் திருப்பினாள். நான் கவிழ்த்த வாளியில் இருந்தேன். கீத் நூறு அடி தள்ளி உழவு இயந்திரத்தில் சாய்ந்து நின்றார். இந்த நாட்டுச் சட்டப்படி அவளுடைய துவக்கில் மூன்று தோட்டாதான் போடலாம். போட்டாள்.

முதல் புறா இறக்கையை மடித்து உள்ளே வந்தது. எழுந்தாள், சுட்டாள், விழுந்தது. நான் வாளியில் துள்ளினேன். இரண்டாவது புறா பின்னாலேயே வந்தது. துவக்கு சத்தமே போடவில்லை. வெறுங்கோது வெளியே வராமல் வாயில் கவ்விக்கொண்டு நின்றது. கையால் இழுத்துத் தள்ளினாள். அடுத்ததைச் சுட்டாள். மறுபடி அதே கவ்வல்.

நானாக இருந்தால் தட்டியிருப்பேன், திட்டியிருப்பேன், இழுத்து இழுத்துச் சுட்டுக்கொண்டே இருந்திருப்பேன். பார்க்கிறவர் தலையெழுத்தை எழுதப்போகிறவர் என்றால் யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்?

"நிப்பாட்டுறன் அண்ணை," என்றாள் றெஜி.

முனையை மண்மேட்டுப் பக்கம் வைத்து, சிக்கிய கோதை எடுத்து, மிச்சத் தோட்டாவை வெளியே எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, கொடியைச் செருகினாள். துவக்கை விரிப்பில் கிடத்தினாள். மறைவிடத்துக்கு வெளியே வந்து கையை உயர்த்தி, "துவக்கு வெறுமையாக இருக்கிறது. அடைத்துவிட்டது" என்று கீத்துக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னாள். அவர் வந்தார். நான் அப்போதே சொன்னேனே என்பது முகத்தில் எழுதியிருந்தது.

முன்மூடியைத் திருகி, குழலைக் கழற்றி, பிஸ்ரனை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். வந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒன்று திரண்டிருந்தது. அந்தக் குளிரிலும் மணம் எழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் தலை மணம்.

தேங்காய் எண்ணெய்.

எங்கள் ஆட்களுக்குக் கதவுப் பிணைச்சல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய். தையல் மெசின் இறுகினால் தேங்காய் எண்ணெய். அன்ரன் தன் அருமை மனைவியின் துவக்குக்கும் அதையே தடவியிருக்கிறார். கட்லட் பொரித்த குசினியில் அது தண்ணீராக ஓடியிருக்கும். லண்டன் மாசிப் பனியில் கட்டியாகிவிட்டது. கழற்றச் சொல்லி நச்சரித்தவன் நான், வாத்துக் கதையில் பிஸ்ரனைக் கவனிக்காமல் விட்டவனும் நான். இருபது வருச வேட்டைக்காரன், போதாததற்கு மெக்கானிக். றெஜி என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

"யார் துப்புரவாக்கியது?" என்று கீத் கேட்டார்.

நான் எழுந்தேன். என் பிழை என்று சொல்லத்தான் எழுந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"என் துவக்கு. என் பிழை. பூட்டுவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

றெஜி பிளாஸ்கைத் திறந்து மூடியில் இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றினாள். ஆவி பறந்தது. பிஸ்ரனை அதற்குள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

"அண்ணை, உங்கடை லேஞ்சியைத் தாங்கோ."

அந்த நாள் முழுவதிலும் நான் செய்த ஒரே உதவி அந்தக் கைக்குட்டை. அதைத் தேத்தண்ணியில் நனைத்துக் குழாயை உருவினாள், பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தாள். ஒரு சொட்டு எண்ணெயும் போடாமல் பூட்டினாள். தோட்டா இல்லாமலே ஏழெட்டுத் தரம் இழுத்து விட்டுப் பார்த்தாள். டக், டக் என்று சுத்தமாக ஓடியது. உடனே சுடத் தொடங்கவில்லை. கீத்தின் பக்கம் திரும்பி, "இனிச் சுடலாமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

அதன்பிறகு நடந்ததை எழுத என் பேனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. புறாக்கள் மதியம் வரை வந்தன. அவள் எழுவதும், துவக்கு தோளில் போய் இருப்பதும், சுடுவதும் ஒரே அசைவாக இருந்தன. ஒரு தரம் இரண்டு புறா சேர்ந்து வந்தன. முன்னதைச் சுட்டு, துவக்கு தானாக ஏற்றிக்கொள்ள, திரும்பிப் பின்னதையும் சுட்டாள். நான் வாளியில் இருந்து கைதட்டி, அண்டை அயலில் இருந்த புறாவெல்லாம் கலைந்து போக, அவளிடம் ஏச்சு வாங்கினேன். வேலிக்கு மேலே தாழ்வாக வந்தவற்றை அவள் தொடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நடைபாதை. மொத்தம் பத்தொன்பது. விழுந்த ஒவ்வொன்றையும் போய்ப் பொறுக்கினாள், வெறுங்கோதுகளையும் பொறுக்கினாள்.

இடையில், வானம் வெறுமையாக இருந்த ஒரு நேரம், மெதுவாகச் சொன்னாள்.

"மன்னாரிலை, சண்டைக் காலத்திலை, துவக்கைக் கண்டால் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தனாங்கள், நினைவிருக்கே? இஞ்சை பொலிஸ் வீட்டை வந்து, இரும்புப் பெட்டியை ஆட்டிப் பாத்து, தேத்தண்ணி குடிச்சிட்டு, உன்னை நம்புறம் எண்டு பேப்பர் தந்தவை. அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டு அழுதனான் அண்ணை."

நான் அவளுடைய தோளில் கைவைத்தேன். துவக்கில் கை படாமல் கவனமாக வைத்தேன்.

கேற்றடியில் கீத் உழவு இயந்திரத்தின் பெட்டியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்தார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பெயர் போடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இந்த வயலில் சுட வந்த ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றார். "துவக்கு அடைத்தால் தோட்டாவைக் குறை சொல்வார்கள், குளிரைக் குறை சொல்வார்கள். விற்ற கடையைக் குறை சொல்வார்கள். உங்கள் பெயரை எப்படி எழுதுவது?"

அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.  அவர் பொறுமையாக எழுதினார். காருக்குள் ஏறிய பிறகு அவள் அந்தக் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பாமலே இருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கைக்குட்டை இல்லை.

வீட்டு வாசலில் அன்ரன் நின்றார்.

"எப்பிடி? துவக்கு வழுக்கிக்கொண்டு ஓடியிருக்குமே? நான் நல்லா எண்ணெய் போட்டனான்."

"ஓமப்பா, நல்லா ஓடினது," என்றாள் றெஜி. "தேத்தண்ணி குடிச்சாப் பிறகு."

விளங்கிய பிறகு மனுசன் தலையில் கைவைத்து இருந்துவிட்டார். அவள்தான் தேற்றினாள். பிறகு இருவரும் சேர்ந்து பத்தொன்பது புறாவும் உரித்தார்கள். வறுத்து அரைத்த சரக்குத்தூளும் பெருஞ்சீரகமும் போட்டு, வற்றவிட்ட பிரட்டல் கறி.

ஞாயிறு காலை ஸ்ட்ரெதம் பக்கம் தமிழ்ப் பூசை. தவக்காலம் தொடங்குமுன் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற நாள் அது. கோயில் மண்டபத்தில் றெஜியின் சட்டியைச் சுற்றி வரிசை நின்றது. கறிக்குள் குண்டு இருக்கும், பல் கவனம் என்று அன்ரன் ஒவ்வொரு தட்டுக்கும் எச்சரிக்கை கொடுத்தார். ஒரு மலேசியத் தமிழர், வங்கியில் வேலை செய்கிறவராம், மூன்றாவது முறை வந்தார். பின்வரிசை வாங்கில் இருந்த இரண்டு பெண்கள், பொம்பிளைக்கு ஏன் துவக்கு என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர்களுடைய தட்டும் நிறைந்துதான் இருந்தது.

பூசை வைத்த சுவாமியார் தட்டோடு என்னிடம் வந்தார். வாயில் அகப்பட்ட ஒரு சின்னக் குண்டை விரலில் எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

"அப்ப, நீங்கள்தான் கனடாவிலை இருந்து வந்த துவக்குக்காரரோ?"

மண்டபத்தின் அந்தக் கோடியில் றெஜி அகப்பையோடு நின்றாள். சட்டியில் கடைசித் துண்டைச் சுரண்டி அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லை சுவாமி," என்றேன். "நான் துவக்குக்காரியின்ரை அண்ணன்."